ஜெபக்குறிப்பாகிப் போன ஒரு ரகசியம்

எங்கள் வாலிபர் ஐக்கியத்தின் பதிவேடு ஒரு நீள நோட்டு. மூலைகள் மடங்கி, அட்டையில் டீ வட்டம் விழுந்து, கோயிலை ஒட்டிய வெஸ்ட்ரி அறையின் இரும்பு பீரோவில் இருக்கிறது. அதில் 14-ஆம் எண்ணுக்கு நேராக, ஒரு பையனின் பெயர் மேல், ஸ்கேல் வைத்துப் போட்ட சிவப்பு மைக் கோடு ஒன்று உண்டு. கோட்டைப் போட்டது நான் இல்லை. ஸ்கேலை எடுத்துக் கொடுத்தது நான்தான்.

கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் ஒரு சபை. எந்தச் சபை, எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் அந்தப் பையன் யாரென்று ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். நான் பள்ளிக்கூட ஆசிரியை. 11 வருஷம் வாலிபர் ஐக்கியத்துக்கு ஆலோசகராக இருந்தேன். சந்தா வசூலிப்பது, கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகப் பாடப் போகும் கேரல் ரவுண்டுக்கு வண்டி பிடிப்பது, வி.பி.எஸ். என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளி நாட்களில் நூறு பிள்ளைகளுக்கு எலுமிச்சை சாதம் கிளறுவது எல்லாம் என் வேலை. எல்லாரும் என்னை அக்கா என்பார்கள். என் அண்ணன் வயசுக்காரர்கள்கூட.

அவனைத் தம்பி என்றே இங்கே சொல்கிறேன். அப்போது பாலிடெக்னிக் கடைசி வருஷம், 19 வயசு, எங்கள் கொயருக்கு, அதாவது பாடகர் குழுவுக்கு, கீபோர்டு. அப்பா மாங்கூழ் கம்பெனியில் லோடு கணக்கு எழுதுபவர். மே, ஜூன் வந்தால் பெங்களூரா மாங்காய் லாரிகள் ராத்திரி பகலாக வரிசையில் நிற்கும். அந்த இரண்டு மாசம் அவரைக் கோயிலில் பார்க்கவே முடியாது.

2018 டிசம்பர், கேரல் ரவுண்டின் மூன்றாம் நாள். ராத்திரி ஒன்றரை மணி இருக்கும். டாடா ஏஸ் வண்டியின் பின்னால் கீபோர்டு, ஆம்ப்ளிஃபயர், நான், தம்பி. மற்றவர்கள் ஒரு வீட்டில் கேக்கும் காபியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நல்ல பனி. ஸ்கார்ஃபைக் காதில் இறுக்கிக்கொண்டு அவன் சொன்னான்: "அக்கா, எனக்குப் பொண்ணுங்க மேல அப்படித் தோணவே மாட்டேங்குது. பசங்க மேலதான். ரொம்ப நாளா."

அதே வருஷம் செப்டம்பர் 6-ஆம் தேதிதான் உச்ச நீதிமன்றம் 377-ஆம் பிரிவு பற்றித் தீர்ப்புச் சொல்லியிருந்தது. வயது வந்த இருவர் மனமொத்து உறவு கொண்டால், ஒரே பாலினத்தவர் என்றாலும், அது குற்றமில்லை என்று ஆனது. அன்று எங்கள் சபை வாட்ஸ்அப் குழுவில் ஒரு அண்ணன் "கடைசிக் காலத்தின் அடையாளம்" என்று போட்டார். நான் அதன் கீழே "ஆமென்" போட்டேன். தம்பியும் அந்தக் குழுவில்தான் இருந்தான். என் ஆமெனைப் பார்த்துவிட்டு, மூன்று மாசம் யோசித்து, அதற்குப் பிறகும் என்னிடம்தான் வந்து சொன்னான். இது எனக்கு ஒரு வருஷம் கழித்துத்தான் உறைத்தது.

அந்தக் கேரல் ராத்திரி நான் கேட்ட முதல் கேள்வி: "சின்ன வயசுல யாராவது உன்னை ஏதாவது பண்ணாங்களாடா?" அவன் இல்லை என்றான். இரண்டாவதாகச் சொன்னது: "ஜெபம் பண்ணுவோம், ஆண்டவர் மாத்துவார்." அவன் சரி என்றான். மற்றவர்கள் வந்துவிட்டார்கள். அடுத்த வீட்டில் அவன் வாசித்த ஸ்தாயி சரியாகவே இருந்தது. அதனால் பேச்சு நல்லபடியாக முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

முதலில் செய்த தப்பு இதுதான். காரணம் தேடக் கூடாது, மாற்றித் தருவதாக வாக்குக் கொடுக்கவும் கூடாது. ஒருவன் நெஞ்சில் இருப்பதை எடுத்து வெளியே வைக்கும்போது, அது எப்படி உள்ளே போனது என்று விசாரணை நடத்துவது வாத்தியார் புத்தி. கேட்டிருக்க வேண்டியது வேறு இரண்டு கேள்விகள்: "இது வேற யாருக்குத் தெரியும்? யாருக்குத் தெரியக் கூடாது?" ஒன்றை மட்டும் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை, யாரோ தன்னைத் தொட்டுத் துன்புறுத்தியதாகச் சொன்னால் அது வேறு விஷயம். அதை ரகசியமாக வைத்துக்கொள்ளும் உரிமை நமக்கில்லை. 2012-ஆம் வருஷத்துப் போக்சோ சட்டப்படி தெரிந்தவர் புகார் செய்தே ஆக வேண்டும். 1098 என்ற எண் அதற்குத்தான். ஒரு பையனுக்குப் பையனைப் பிடிக்கிறது என்பது அந்தக் கணக்கில் வராது. நான் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினேன்.

இரண்டாவது தப்புதான் பெரியது. அவனுக்காக ஜெபிக்க வேண்டுமே என்ற பாரத்தில் பாஸ்டரம்மாவிடம் சொன்னேன். "பேர் வேண்டாம்மா, ஒரு தம்பிக்காக" என்றுதான் ஆரம்பித்தேன். எங்கள் ஐக்கியத்தில் 23 பையன்கள். "கொயர்ல இருக்கானா?" என்று கேட்டார். இருக்கான் என்றேன். முடிந்தது. அவர் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் "வாலிபர் ஒருவருடைய மாம்ச போராட்டத்துக்காக" என்று குறிப்புக் கொடுத்தார். வீடு திரும்பும் ஷேர் ஆட்டோவிலேயே பெயர் வந்துவிட்டது. சபைக்குள் புறணி பேசினால் கடிந்துகொள்வார்கள். அதையே கண்ணை மூடிக்கொண்டு பேசினால் ஜெபக்குறிப்பு. பொங்கலுக்கு முன் அவன் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. நான் சொல்லவில்லை, வேறு யாரோ "உங்க பையனுக்காக ரொம்ப ஜெபிக்கிறோம்" என்று கையைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் சொன்னார்களாம்.

2019 பிப்ரவரியில் கமிட்டி கூடியது. ஒன்பது ஆண்கள், என்னோடு சேர்த்து இரண்டு பெண்கள். நடுவில் மிக்சர் தட்டு. ஒருவர் வேதாகமத்தில், தேவனுடைய ராஜ்யம் கிடைக்காதவர்களின் பட்டியல் வரும் 1 கொரிந்தியர் 6-ஐ எடுத்து, 'ஆண்புணர்ச்சிக்காரரும்' என்ற இடத்தில் குரலை உயர்த்தி வாசித்தார். அவர் வட்டிக்குக் கொடுப்பவர். அதே வரிசையில் 'பொருளாசைக்காரர்' என்ற வார்த்தை இரண்டு சொல் தள்ளி வருகிறது. வெறியரும், அதாவது குடிகாரரும், பழித்துப் பேசும் உதாசினரும் பின்னாலேயே வருகிறார்கள். அவற்றைத் தாழ்ந்த குரலில் தாண்டிப் போனார். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆராதனை, மத்தியானம் டாஸ்மாக் என்று வாழ்கிறவர்கள் எங்கள் சபையிலும் உண்டு. அவர்கள் பெயர் எந்த நோட்டிலும் அடிபடவில்லை.

பேச்சு முழுக்க அவனைப் பற்றி. அவன் அங்கே இல்லை. கூப்பிடலாமா என்றுகூட ஒருவரும் கேட்கவில்லை, நானும்தான். தப்புச் செய்த சகோதரனிடம் முதலில் நீயும் அவனும் தனித்திருக்கையில் பேசு என்று மத்தேயு 18-இல் ஆண்டவர் சொன்ன வரிசை இருக்கிறதே, நாங்கள் அதைத் தலைகீழாகப் போனோம். முதலில் சபை, பிறகு சாட்சிகள், கடைசியில் அவன். இதில் அவன் யாருக்கும் எந்தத் தப்பும் செய்திருக்கவும் இல்லை. ஒருவரையும் தொட்டதில்லை. மனசில் இருப்பதைச் சொன்னான், அவ்வளவுதான்.

முடிவு மூன்று. கீபோர்டை நிறுத்துவது. பதிவேட்டில் பெயரை நீக்குவது. வேறு மாவட்டத்தில் 'விடுதலை ஊழியம்' செய்யும் ஒருவரிடம் அனுப்புவது. செயலாளர் சிவப்புப் பேனா எடுத்தார். "ஸ்கேல் இருக்காம்மா?" என்றார்.

விடுதலை ஊழியத்தில் நடந்ததை முழுக்க எழுத அவன் அனுமதிக்கவில்லை. ஈஸ்டருக்கு முந்தைய லெந்து காலத்தில் மூன்று நாள். ஆகாரமில்லை. எண்ணெய், டிரம்ஸ், காதுக்குப் பக்கத்தில் மைக். ஆவியின் பெயரைச் சொல்லச் சொல்லி அடித்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் சாயங்காலம், வெளியே விடுவார்கள் என்பதற்காக, "போயிடுச்சு" என்று சொல்லியிருக்கிறான். திரும்பி வந்து ஆராதனையில் சாட்சி சொல்ல வைத்தோம். எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னோம். அவன் ஒல்லியாகிப் போயிருந்ததை உபவாசத்தின் பலன் என்று நினைத்தோம்.

மே மாசம் ஒரு ராத்திரி அவன் அம்மா போன் செய்தார். பையனைக் காணோம். அப்பா கம்பெனியில், லாரி வரிசையில். நானும் என் வீட்டுக்காரரும் பைக்கில் தேடிப் போனோம். கடைசியில் அணைப் பக்கம், பூங்கா மூடிய பிறகு, மதகுக்குப் போகும் ரோட்டோரத்தில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ரொம்ப நேரம் கழித்து, "உங்க ஒருத்தர்கிட்டதான் சொன்னேன், அக்கா" என்றான். அதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

மறுவாரம் ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனோம். அம்மா முதலில் கேட்டது, இதை மாற்ற மாத்திரை உண்டா என்று. மருத்துவர் அவசரப்படாமல் சொன்னார்: மாற்ற இதில் வியாதி எதுவும் இல்லை, உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே இதை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது, பையனுக்கு இருப்பது மனச்சோர்வு, அது நாம் கொடுத்தது, அதற்கு மருந்தும் பேச்சும் உண்டு. 'நாம்' என்றார். நல்ல மனுஷர், தன்னையும் சேர்த்துக்கொண்டார். இப்போது 14416 என்ற எண்ணில் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம். அன்றைக்கு எங்களுக்கு அது கிடையாது.

அந்த அம்மாவின் பயத்தையும் சொல்ல வேண்டும். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனசில்லை. ஒரு காதல் கல்யாணத்தைச் சாக்கிட்டு 2012-இல் பக்கத்துத் தர்மபுரியில் நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டி என்று மூன்று தலித் காலனி வீடுகள் எரிந்த மண் இது. ஆணும் பெண்ணும் சாதி மாறினாலே இந்தப் பாடு. "எம் பையனை ஊர் என்ன பண்ணும்?" என்பதுதான் அவர் கேள்வி, வேதம் என்ன சொல்கிறது என்பதெல்லாம் அதற்குப் பிறகு. ஆகவே அவர் தேடிய வழி, எல்லா அம்மாக்களும் தேடும் வழி: "ஒரு கால்கட்டு போட்டா சரியாயிடும்." ஓசூரில் ஒரு பெண்ணைக்கூடப் பார்த்துவிட்டார்கள். நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம், அதை நிறுத்தியது. அந்தப் பெண்ணும் யாரோ பெற்ற பிள்ளைதானே. அவள் வாழ்க்கையை மருந்தாக அரைத்து இவனுக்குப் பூசுவதா? கல்யாண அறிவிப்பு வாசிக்கும் பாஸ்டர்கள் இந்த இடத்தில் கறாராக இருக்க வேண்டும். தெரிந்தும் நடத்தி வைத்தால் இரண்டு பேரை ஏமாற்றிய பாவம் அவர்களையும் சேரும்.

பிறகு கொரோனா வந்தது, கோயில் பூட்டினார்கள், ஒன்றரை வருஷம் ஓடியது.

2021-இல் புது பாஸ்டர் மாற்றலாகி வந்தார். பழைய காலத்து ஆள். பெண்கள் முக்காடில்லாமல் வந்தால் முகம் சுளிப்பார். ஒரு நாள் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே வந்தவர், 14-இல் நின்றார். நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இந்த நோட்டுல வேற யாருக்கு சிவப்பு மை இருக்கு?" என்றார். சேர்ந்து தேடினோம். இன்னும் ஒரே ஒரு கோடுதான் இருந்தது, 31-ஆம் எண். அந்தப் பையன் பெங்களூரு ரோட்டில் விபத்தில் செத்துப்போனவன்.

பாஸ்டர் நோட்டை மூடி வைத்தார்.

அந்த வருஷம் ஜூன் 7-ஆம் தேதிதான் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷின் உத்தரவு வந்திருந்தது. பெற்றோரின் எதிர்ப்புக்குப் பயந்து பாதுகாப்புக் கேட்ட இரண்டு பெண்களின் வழக்கு. தன்பாலீர்ப்பை வைத்தியம் செய்து மாற்ற முயல்வதற்கு அதில் தடை போட்டார். எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது வேறு. இந்த விஷயத்தில் தனக்கே முன்முடிவுகள் இருக்கின்றன என்று ஒப்புக்கொண்டு, தீர்ப்பெழுதும் முன் ஒரு உளவியலாளரிடம் போய்க் கற்றுக்கொண்டார் அவர். ஒரு நீதிபதி அப்படிச் செய்யும்போது, பதினொரு பேர் மிக்சர் தின்றுகொண்டு முக்கால் மணி நேரத்தில் முடிவெடுத்தோம். மறு வருஷம் தேசிய மருத்துவ ஆணையமும் அப்படி 'மாற்றும்' சிகிச்சை செய்யும் மருத்துவர்களின் செயலைத் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது. ஊழியக்காரர் மருத்துவர் இல்லையே என்று சிலர் தப்பிக்கப் பார்ப்பார்கள். அடைத்து வைப்பதும் அடிப்பதும் ஜெபத்தின் பெயரில் நடந்தாலும் குற்றம்தான்.

பாஸ்டர் மனம் மாறிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். "ஆணும் ஆணும் சேர்றது பாவம்னுதான் நான் நம்புறேன், சாகுற வரைக்கும் நம்புவேன்" என்று கமிட்டியிலேயே சொன்னார். "ஆனா ஈர்ப்பு வேற, செயல் வேற. செய்யாத பாவத்துக்கு அவனைத் தள்ளினோம். செஞ்ச பாவத்தோட நாம உள்ள உக்காந்திருக்கோம்." எனக்கு அவரோடு முழு உடன்பாடில்லை. இன்றைக்கு நான் நிற்கும் இடம் வேறு. தம்பி ஒரு நாள் ஒரு துணையோடு வந்து நின்றாலும் நான் இடம் கொடுப்பேன். ஆனால் அவன் பெயரைத் திரும்பச் சேர்க்க வைத்தது அவருடைய பிடிவாதமான நேர்மைதான், என் தாராள மனசு ஒன்றும் இல்லை. சபை தன் உபதேசத்தை மாற்றினால்தான் ஒரு பிள்ளையை நடத்தும் விதத்தை மாற்ற முடியும் என்று இரண்டு பக்கத்துக்காரர்களும் சொல்கிறார்கள். நான் பார்த்தது அப்படி இல்லை.

எங்கள் பள்ளியில் ஒரு கத்தோலிக்கச் சகோதரி வேலை செய்கிறார். 1997-இல் சேலத்திலிருந்து பிரிந்த தர்மபுரி மறைமாவட்டத்தில் இளையோர் இயக்கத்தில் இருந்தவர். அவர் தன் திருச்சபையின் மறைக்கல்வி ஏட்டை எனக்குக் காட்டினார். 2357-ஆம் பத்தி, அந்தச் செயல்களை ஒருபோதும் ஏற்க முடியாது என்கிறது. அடுத்த பத்தியே அப்படிப்பட்டவர்களை மதிப்போடும் பரிவோடும் நடத்த வேண்டும், அநியாயமாகப் பாகுபாடு காட்டும் எந்த அடையாளமும் கூடாது என்கிறது. "எங்க ஆளுங்க முதல் பத்தியோட புஸ்தகத்த மூடிடுவாங்க டீச்சர்" என்று சிரித்தார். எங்கள் ஆட்களும் அப்படித்தான்.

கமிட்டியில் உண்மையான சண்டை முகாமைப் பற்றித்தான் வந்தது. வருஷா வருஷம் ஏற்காட்டில் மூன்று நாள் முகாம் போடுவோம். "எம் பசங்க இவன்கூட ஒரே ஹால்ல எப்படிப் படுப்பாங்க?" என்று ஒரு அப்பா எழுந்தார். பாதிப் பேருக்கு மனசில் இருந்த கேள்வி அதுதான். நான் அவரிடம் கோபப்படவில்லை. பிள்ளைகளைப் பற்றிய கவலையைக் கிண்டல் செய்து ஜெயிக்க முடியாது. ஆனால் யோசித்துப் பார்த்தால், முகாமில் நாங்கள் அதுவரை எந்த ஒழுங்குமே வைத்திருக்கவில்லை. பன்னிரண்டு வயசுப் பையனும் முப்பது வயசு ஆளும் ஒரே ஜமக்காளத்தில் கிடப்பார்கள். ஆபத்து அங்கேதான் இருந்தது. இப்போது ஒவ்வொருவருக்கும் தனிப் பாய், 18-க்குக் கீழே உள்ளவர்களுக்குத் தனி ஹால், இரண்டு பெரியவர்கள் எப்போதும் முறை வைத்து விழித்திருப்பார்கள், கதவு சாத்திக்கொண்டு யாரும் யாரோடும் தனியாக 'ஆலோசனை' நடத்தக் கூடாது, பாஸ்டரே ஆனாலும். தம்பிக்காக என்று தனி விதி எதுவும் எழுதவில்லை. எல்லாருக்கும் எழுதினோம். இதை மட்டும் எந்தச் சபையும் இன்றைக்கே செய்யலாம்.

உறுப்பினர் யார் என்பதையும் அப்போதுதான் முதன்முதலாக எழுதி வைத்தோம். அதுவரை சந்தா பத்து ரூபாய் கட்டினவர் உறுப்பினர், அவ்வளவுதான். இப்போது, 15 முதல் 30 வயதுக்குள் தொடர்ந்து வருகிற யாரும் உறுப்பினர். வருகிறவரை நீக்க முடியாது. பொறுப்புகளுக்கு மட்டும் நடத்தை விதி, அதுவும் எல்லாருக்கும் ஒரே அளவு: கல்யாணத்துக்கு வெளியே உறவு, குடி, பணத்தில் கை வைப்பது. பாஸ்டர் இதற்கு மேல் இறங்கி வரவில்லை. இது போதுமா? எனக்குப் போதாது. ஆணும் பெண்ணுமாக இருப்பவர்களுக்குக் காத்திருந்தால் கல்யாணம் என்ற ஒரு கதவு இருக்கிறது. இவனுக்கு அந்தக் கதவே இல்லை. 2023 அக்டோபர் 17-இல் உச்ச நீதிமன்றமும் அதைத் திறக்க மறுத்துவிட்டது. ஆகவே 'ஒரே அளவு' என்பது காகிதத்தில்தான் ஒரே அளவு. இதைக் கமிட்டியில் சொன்னேன். குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள்.

வாலிபர் ஞாயிறு நாடகத்தையும் மாற்றினோம். வருஷா வருஷம் ஒரு பையனுக்குச் சேலை கட்டி இடுப்பை ஆட்டவிட்டு, சபையே வயிறு குலுங்கச் சிரிக்கும். அந்த வேஷத்துக்கு அவனுக்கும் ஒரு தடவை சேலை கட்டியவள் நான். அப்போது அவனுக்கு 16 வயசு.

2022-இல் பாஸ்டரும் நானும் அவன் வீட்டுக்குப் போனோம். பாஸ்டர் உட்காரவே இல்லை. நின்றபடியே, "சபை உனக்குச் செஞ்சது தப்பு தம்பி" என்றார். நான் என் பங்கைச் சொன்னேன். அவன் அழுவான், கட்டிக்கொள்வான் என்றெல்லாம் எதிர்பார்த்துப் போயிருந்தேன் போல. அவன் காபி போடப் போய்விட்டான். பெயரைத் திரும்ப எழுதுகிறோம் என்றபோது மட்டும், "அதே பதினாலா?" என்றான். பதினான்கின் மேல் சிவப்பு மை ஊறிப் பின்பக்கம் வரை இறங்கியிருந்தது. கடைசியில்தான் இடம் இருந்தது. 61.

இப்போது ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறான். கிறிஸ்துமஸ், ஈஸ்டருக்கு வருவான், கடைசி பெஞ்சு. கீபோர்டு பக்கம் போவதில்லை. மற்ற ஞாயிறுகளில் எங்கே போகிறான் என்று நான் கேட்பதில்லை. பாஸ்டரம்மாவிடம் அவனைப் பற்றி வாயே திறப்பதில்லை.

இதை எழுதியதும் முதலில் அவனுக்குத்தான் அனுப்பினேன். மூன்று இடங்களை அடிக்கச் சொன்னான், அடித்துவிட்டேன். அம்மாவைப் பற்றி எழுதியிருந்ததில் ஒரு வரியைக் கொஞ்சம் மென்மையாக்கச் சொன்னான், செய்தேன். பிறகு அரை மணி நேரம் கழித்து ஒரு குரல் பதிவு வந்தது: "போன ஈஸ்டருக்குப் பார்த்தேன் அக்கா, கீபோர்டுக்குத் துணி போட்டே மூடறதில்ல. 'சி' கட்டைக்குள்ள தூசி போயி ஒட்டிக்கிட்டு எழும்ப மாட்டேங்குது. அதையும் எழுதிடுங்க, படிக்கிறவங்க யாராவது சரி பண்ணட்டும்."